சின்னத் துளைதான், விரலே போய்விடும்!
டீசல் பம்பு வேலை செய்வோர் கவனத்திற்கு



நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில் கனரக இயந்திரங்களோடு வேலை பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர், கிரேன் ஓட்டுபவர், ஒர்க்‌ஷாப்பில் ரிப்பேர் பார்ப்பவர் எல்லோரையும் பார்க்கலாம். தோட்டத்திலும் டிராக்டரும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. "டிரஸ்ஸருக்கும் டீசல் பம்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் நம்ம பையன் ஒருவன் சிங்கப்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். ஒரு சனிக்கிழமை, எக்ஸ்கவேட்டர் இஞ்சின் இழுக்கவில்லை, மிஸ் அடித்தது. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பைப்பில் எங்கே கசிகிறது என்று, இஞ்சின் ஓடும்போதே இடது கை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தான். "ஊசி குத்தின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான் டிரஸ்ஸர்" என்றான். அங்கே ஒரு பிளாஸ்டர் ஒட்டி, இரண்டு பனடோல் கொடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் என்னிடம் வந்தபோது விரல் கத்தரிக்காய் போல வீங்கி, நுனி வெளுத்துக் குளிர்ந்து கிடந்தது. உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாக்டர்கள் திறந்து சுத்தம் செய்து பார்த்தார்கள். விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

இது எப்படி நடக்கிறது?

டீசல் இஞ்சினுக்குப் பிளக் கிடையாது. உள்ளே காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறார்கள். அந்த நெருக்கத்தையும் மீறி டீசலைப் புகைபோல் தூவ வேண்டும். ஆகவேதான் பம்பு இவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது. கார் டயரில் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம். சுமார் 7 கிலோ இருந்தாலே தோலைத் துளைத்துவிடும். பழைய பம்பு இஞ்சினில் நாசில் திறக்கவே 200 கிலோ வரை வேண்டும். இப்போது வரும் காமன் ரெயில் இஞ்சினில் 1,500, 2,000 என்று போகிறது. கையுறை இதைத் தடுக்காது.

உள்ளே புகுந்த டீசல் துளையோடு நிற்பதில்லை. நரம்பு, தசைநார் போகும் வழியே உள்ளங்கை வரை, சில சமயம் முழங்கை வரைகூட ஓடிவிடும். ரத்த ஓட்டத்தை நெருக்கும், சதையை அரித்துக் கொல்லும். முதலில் வலி குறைவாக இருக்கும், அதுதான் ஏமாற்று. சில மணி நேரம் கழித்துத்தான் விண்விண் என்று தெறிக்கும்.

இது புதிய விஷயமல்ல. டீசல் இஞ்சினிலிருந்து எண்ணெய் சதைக்குள் புகுந்ததைப் பற்றி ஒரு டாக்டர் 1937-ஆம் வருஷமே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். எண்ணெய், பெயிண்ட், கிரீஸ் என்று இப்படி அழுத்தத்தில் புகுந்த காயங்களைப் பின்னால் தொகுத்துப் பார்த்தபோது, பத்துப் பேரில் சுமார் மூன்று பேருக்கு விரலையோ கையின் ஒரு பகுதியையோ வெட்ட வேண்டி வந்திருக்கிறது. டீசல் போன்ற எண்ணெய்க்கு ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் ஆபத்து குறைகிறது.

வேலை செய்யும்போது:

1. கசிவைத் தேட கையை வைக்காதீர்கள். நீளமான அட்டையையோ பலகைத் துண்டையோ பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

2. பைப் நட்டைத் தளர்த்துமுன் இஞ்சினை நிறுத்துங்கள். காமன் ரெயிலில் நிறுத்திய பிறகும் அழுத்தம் நிற்கும். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். ஓடும் இஞ்சினில் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்கும் பழைய பழக்கம் அங்கே கூடவே கூடாது.

3. ஏர் எடுப்பது இஞ்சினை நிறுத்தி, ஃபில்டர் பக்கத்துத் திருகையும் கைப்பம்பையும் வைத்துத்தான்.

4. நாசில் டெஸ்ட் செய்யும்போது தூவலுக்கு எதிரே விரலை நீட்டாதீர்கள். பம்பைப் பிரித்து அளவு வைப்பது பம்பு கடை வேலை. அதற்கென்று டெஸ்ட் பெஞ்ச் இருக்கிறது. குத்துமதிப்பாகத் திருகாதீர்கள்.

குத்திவிட்டால்:

மோதிரத்தைக் கழற்றுங்கள். கையை உயர்த்தி ஆடாமல் வையுங்கள். பிதுக்காதீர்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், ஆகவே சாப்பிடவும் குடிக்கவும் வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் உடனே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். தேக்காவுக்குப் பக்கத்தில் நொவினாவில் டான் டோக் செங், ஊட்ரமில் சிங்கப்பூர் பொது மருத்துவமனை இருக்கின்றன. ஆம்புலன்சுக்கு 995.

கவுண்டரில் "டீசல் பட்டுச்சு" என்று சொன்னால் தோலில் பட்டது என்று நினைத்து உட்கார வைத்துவிடுவார்கள். "ஹை பிரஷர் டீசல் இஞ்செக்‌ஷன் இஞ்சரி" என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, என்ன எண்ணெய், எந்த இஞ்சின் என்பதையும் சொல்லுங்கள். இந்த வார்த்தைகளை ஒரு சீட்டில் எழுதி டூல் பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்தால் நல்லது.

இன்னொன்று. "சின்னக் காயத்துக்கு ஆஸ்பத்திரியா? சம்பளம் போய்விடும்" என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். சிங்கப்பூரின் 2019-ஆம் வருஷத்து வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வைத்தியச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் கேட்கலாம். வேலையில் பட்ட காயத்துக்கு டாக்டர் விடுப்பு கொடுத்தால், முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு கேட்க, காயம் பட்ட நாளிலிருந்து ஒரு வருஷம்தான் அவகாசம். டாக்டர் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

அந்தப் பையன் இன்றும் பம்பு வேலைதான் பார்க்கிறான். புதிதாக வருபவர்களுக்கு அவன் முதலில் கொடுப்பது ஸ்பேனர் அல்ல, ஒரு அட்டைத் துண்டு. நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள்.