குழாயைத் திறக்கும் முன்: பாசிர் ரிஸ் ஆலைகளில் அபாயப் பொருள்களைக் கையாளும் முறை

பாசிர் ரிஸ் என்றதும் கடற்கரைப் பூங்காவும் அடுக்குமாடி வீடுகளுமே பலருக்கு நினைவுக்கு வரும் என்றாலும், சிலிக்கான் வில்லைகளில் மின்சில்லுகளை உருவாக்கும் ஆலைகளுக்கென ஒதுக்கப்பட்ட தொழிற்பேட்டை ஒன்றும் அவ்வட்டாரத்திலேயே இருக்கிறது. ‘வேஃபர் ஃபேப்’ என்று ஊழியர்கள் சொல்லும் இவ்வகை ஆலைகளில், கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும், காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பற்றக்கூடிய சைலேன் வாயுவும், மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும் ஆர்சின் வாயுவும் அன்றாடப் பயன்பாட்டுக்குரியவை. அவை இரட்டைச் சுவர்க் குழாய்களிலும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அலமாரிகளிலும் அடைபட்டு, கசிவை உணரும் கருவிகளின் கண்காணிப்பில் இருப்பதால், உற்பத்திப் பிரிவில் வேலை செய்பவர் அவற்றை நேரில் சந்திப்பது அரிது. அடைபட்டதைத் திறக்கும் வேளையில்தான் ஆபத்து தலைகாட்டுகிறது: பம்பைக் கழற்றும்போது, வடிகட்டியை மாற்றும்போது, தொட்டியைக் கழுவும்போது, கழிவுப் பீப்பாயை நகர்த்தும்போது. இவ்வேலைகளைப் பெரும்பாலும் செய்வது ஆலையின் சொந்த ஊழியரல்லர். ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் குழுவினர். ஆகவே இக்கட்டுரையில் சொல்லப்படும் படிகள், அத்தகைய குழுவை நடத்தும் மேற்பார்வையாளரை மனத்தில் கொண்டு வரிசைப்படுத்தப்பட்டவை.

சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளி மீது மட்டுமன்றி, இடத்தின் பொறுப்பாளர் மீதும் ஒப்பந்தக்காரரை வேலைக்கு அமர்த்துபவர் மீதும் கடமையைச் சுமத்துகிறது. அதன் கீழ் வந்த இடர் நிர்வாக விதிமுறைகள், எந்த வேலைக்கும் முன்கூட்டியே இடர் மதிப்பீடு செய்ய வேண்டும் என்றும், அம்மதிப்பீட்டைக் குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறையும், விபத்து நேர்ந்தாலோ வேலைமுறை பெரிதும் மாறினாலோ உடனடியாகவும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன. இடர் மதிப்பீடு என்பது எது தீங்கு செய்யும், யாருக்குச் செய்யும், எவ்வளவு கடுமையாகச் செய்யும் என்பவற்றை எழுதி, அதைக் குறைக்கும் வழியையும் பொறுப்பாளரின் பெயரையும் பதியும் ஆவணம். போன ஒப்பந்தத்தின் தாளில் தேதியை மட்டும் மாற்றி ஒப்படைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படிப்பட்ட தாள் கையில் இருப்பது, தாளே இல்லாமல் இருப்பதைவிட மோசமானது, ஏனெனில் யாரோ யோசித்திருக்கிறார்கள் என்ற பொய்யான நம்பிக்கையை அது தருகிறது.

முதற்படி, வேலையிடத்தை நடந்து பார்த்துப் பொருள்களைப் பட்டியலிடுவது. கிடங்குப் பதிவேட்டை நகலெடுப்பது பட்டியல் ஆகாது; பம்ப் அறையின் மூலையில் இருக்கும் பாதி காலியான கரைப்பான் டின், துப்புரவாளரின் வண்டியில் உள்ள ப்ளீச், பழைய குழாய்க்குள் தங்கிவிட்ட படிவு ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். அபாயச் சின்னம் ஒட்டப்படாத பொருளும் ஆளைக் கொல்லும் என்பதற்கு 24 பிப்ரவரி 2021 அன்று துவாஸ் தொழிற்சாலை ஒன்றில் நடந்த வெடிப்பு சான்றாகும். தீத்தடுப்புப் பொருள் தயாரிக்கும் கலவை இயந்திரத்தைச் சூடாக்கிய எண்ணெய் முதலில் வெடிப்புக்குக் காரணமாக, அதைத் தொடர்ந்து அங்கிருந்த உருளைக்கிழங்கு மாவு காற்றில் எழும்பித் தீப்பிடித்தது. மூன்று ஊழியர்கள் மாண்டனர், எழுவர் காயமடைந்தனர். நுண்ணிய தூளாகக் காற்றில் பரவிய எரியும் பொருள் எதுவாயினும் வாயுவைப் போலவே வெடிக்கும் என்பதால், மாவு, மரத்தூள், அலுமினியத் தூள் போன்றவற்றுக்கும் பட்டியலில் தனி வரி வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பாதுகாப்புத் தரவுத் தாளைப் பெற்று வாசிப்பது. ‘எஸ்டிஎஸ்’ என்று வேலையிடத்தில் அழைக்கப்படும் இத்தாள், ஐக்கிய நாடுகள் சபையின் உலகளாவிய வகைப்பாட்டு முறைக்கு ஏற்ப 16 பிரிவுகளாக அமைந்திருக்கும். அவசரத்தில் இருக்கும் மேற்பார்வையாளர் பதினாறையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் பிரிவு பொருளின் தீங்கையும், நான்காம் பிரிவு முதலுதவியையும், எட்டாம் பிரிவு காற்றில் அனுமதிக்கப்படும் அளவையும் அணிய வேண்டிய பாதுகாப்புக் கவசத்தையும், பத்தாம் பிரிவு எதனோடு சேரக்கூடாது என்பதையும் சொல்வதால், இந்நான்கையும் வேலை தொடங்குமுன் வாசித்தே ஆக வேண்டும். தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். குழுவில் உள்ளவர் தமிழிலோ வங்காளத்திலோ சீனத்திலோதான் சரளமாகப் படிப்பார் என்றால், அந்நான்கு பிரிவுகளின் சாரத்தை அவரவர் மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, காலையில் நடக்கும் ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’கில் வாசித்து, கேட்டவரையே திருப்பிச் சொல்லச் சொல்வது நல்லது. “புரிந்ததா?” என்ற கேள்விக்குத் தலையாட்டல்தான் விடையாக வரும், “கையில் பட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கு உண்மையான விடை வரும்.

மூன்றாவது படி பெயர்ச்சீட்டைப் பற்றியது. பெரிய பீப்பாயிலிருந்து சிறிய புட்டிக்கு மாற்றப்படும் பொருளே மிக எளிதில் பெயரை இழக்கிறது. மாற்றி ஊற்றிய ஒவ்வொரு புட்டியிலும் பொருளின் பெயரும், சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் அமைந்த அபாயச் சின்னமும் இருக்க வேண்டும். குடிநீர்ப் புட்டியில் எதையும் ஊற்றவே கூடாது. சீட்டில்லாத புட்டி கண்ணில் பட்டால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயலாமல், தனியே ஒதுக்கிவைத்து, தெரியாத கழிவாகவே நடத்த வேண்டும்.

நான்காவது, தீங்கைக் குறைக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது. பொருளையே தவிர்ப்பது, தீங்கு குறைந்த பொருளுக்கு மாறுவது, காற்றோட்டமும் தடுப்பும் அமைப்பது, வேலைமுறையை ஒழுங்குபடுத்துவது, இறுதியாகக் கவசம் அணிவது என்ற வரிசை உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது. கையுறையும் முகக்கவசமும் வாங்குவது மலிவு, புகைபோக்கி அமைப்பது செலவு என்பதே காரணம்.

ஐந்தாவது படிதான் இவ்வேலையின் உயிர்நாடி. குழாயையோ தொட்டியையோ திறக்குமுன், ஊழியர்கள் ‘பெர்மிட்’ என்று சொல்லும் வேலை அனுமதிச் சீட்டு, அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் உரியதாக வழங்கப்பட்டிருக்க வேண்டும். பொருள் வந்துசேரும் வால்வை மூடி, பூட்டிட்டு, பூட்டியவரின் பெயருள்ள அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்திருப்பது முறை. அதன்பின் குழாயில் மிஞ்சியதை வடித்து, நைட்ரஜனாலோ நீராலோ, பொருளுக்கு ஏற்றதால் கழுவி, அழுத்தம் பூச்சியம் என்று அளவியில் கண்ட பிறகே முதல் போல்ட்டைத் தளர்த்தலாம். அதையும் தம்மை நோக்கி இருக்கும் பக்கத்திலிருந்து அல்லாமல், எதிர்ப்பக்கத்துப் போல்ட்டிலிருந்து தொடங்கினால், மிச்சம் மீதி சிந்துவதாக இருந்தாலும் முகத்தில் பீறிடாது.

தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டியிருப்பின், அது மூடிய இடத்து வேலையாகிவிடுகிறது. 2009இல் வந்த தனி விதிமுறைகள் அதற்கு உண்டு. உள்ளே உயிர்வாயு 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, எரியக்கூடிய வாயு வெடிக்கும் குறைந்தபட்ச அளவில் பத்திலொரு பங்குக்கும் கீழ் இருக்கிறதா, நச்சுவாயு அனுமதித்த அளவைத் தாண்டாமல் இருக்கிறதா என்று மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் அளக்க வேண்டும். அடிமட்டத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு தக்க எடுத்துக்காட்டு. அழுகிய முட்டை நாற்றமுடைய இவ்வாயு காற்றைவிடக் கனமானது. பத்து லட்சத்தில் ஏறத்தாழ நூறு பங்கு அளவை எட்டியதும் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் கணமே மிக ஆபத்தான கணம். 23 மே 2024 அன்று சுவா சூ காங் நீர்நிலையத்தில் தொட்டியைச் சுத்தம் செய்த பணியின்போது இவ்வாயுவைச் சுவாசித்து இந்திய ஊழியர் ஒருவர் மாண்டார். மலேசியர் இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உள்ளே விழுந்தவரைத் தூக்கத் தாமும் குதிப்பது மனித இயல்பு. ஆனால் மூச்சுக் கருவியில்லாமல் இறங்குபவர் இரண்டாவது சடலமாகிறார். எனவே வாசலில் நிற்கும் கண்காணிப்பாளர் எக்காரணத்துக்காகவும் உள்ளே இறங்கக்கூடாது என்பதையும், இடுப்புக் கயிற்றையும் கப்பியையும் கொண்டு வெளியிலிருந்தே இழுப்பதையும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

கவசத்தைப் பற்றிச் சில சொற்கள் போதும். எல்லாரும் அணியும் மெல்லிய நீல நைட்ரைல் கையுறை, அடர்ந்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கு ஏறக்குறைய தடையே இல்லை. நியோப்ரீன், பியூட்டைல் போன்ற தடித்த ரப்பர் தேவை. முகக்கவசத்தின் வடிகட்டி நிறமும் ஏமாற்றும்: அமெரிக்க முறையில் மஞ்சள், கரைப்பான் ஆவிக்கும் அமில வாயுவுக்கும் சேர்த்து உரியது, ஐரோப்பிய முறையில் அதே மஞ்சள் கந்தக டையாக்சைடு போன்ற அமில வாயுக்களுக்கு மட்டுமே உரியது, கரைப்பானுக்குப் பழுப்பு நிறம். ஒரே கிடங்கில் இருமுறைச் சரக்கும் இருந்தால் நிறத்தை நம்பாமல் எழுத்தையே படிக்க வேண்டும். தென்கொரியாவின் குமி நகரில் 27 செப்டம்பர் 2012 அன்று தொட்டி லாரியிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடை மாற்றும்போது கசிவு ஏற்பட்டு ஐவர் இறந்தனர். அவ்வேலைக்கு உரிய முழுக் கவசம் அணியப்பட்டிருக்கவில்லை.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கான முதலுதவி மற்ற அமிலங்களுக்கு உரியதிலிருந்து வேறுபடுவதால் விரித்துச் சொல்ல வேண்டியதாகிறது. நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம். சிலவேளை வலி தெரிய ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் ஃப்ளூரைடு தோலைத் துளைத்துச் சென்று இரத்தத்திலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்கிறது. கால்சியம் வற்றினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். உடையைக் களைந்து, ஓடும் நீரில் சுமார் ஐந்து நிமிடம் கழுவி, 2.5 விழுக்காடு கால்சியம் குளூக்கோனேட் களிம்பைப் புதுக் கையுறை அணிந்த கையால் விடாமல் தேய்த்துக்கொண்டே, 995ஐ அழைத்து, பொருளின் பெயரைச் சொல்லி, தரவுத் தாளையும் நோயாளியோடு அனுப்ப வேண்டும். களிம்பு கைவசம் இல்லையென்றால், அது வரும்வரை கழுவுவதை நிறுத்தக்கூடாது. களிம்பு வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். மூன்று மாடி கீழே உள்ள முதலுதவி அறையின் பூட்டிய அலமாரியில் இருப்பது உதவாது. காலாவதித் தேதியை மாதந்தோறும் பார்ப்பதும் இப்படியில் அடங்கும்.

கிடங்கில் பொருள்களை எழுத்து வரிசைப்படி அடுக்குவது பார்வைக்கு ஒழுங்கு, பயனில் ஆபத்து. அமிலமும் ப்ளீச்சும் கலந்தால் குளோரின் கிளம்பும். நைட்ரிக் அமிலமும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஒரே கழிவுப் புட்டியில் சேர்ந்தால், மூடியை இறுக்கிய சில மணி நேரம் கழித்து, யாரும் தொடாமலே, புட்டி வெடிக்கக்கூடும். ஆக, கழிவுப் புட்டிகளைக் கரைப்பான், அமிலம், ஆக்சிஜனேற்றி எனப் பிரித்து, வாயு வெளியேறும் மூடியிட்டு, கசிந்தால் தாங்கும் தட்டின்மேல் வைக்க வேண்டும். அத்தட்டு, அதன்மேல் உள்ள மிகப் பெரிய கலத்தின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்குவதாக இருப்பது பொது விதி. ‘காலி’ என்று எழுதப்பட்ட பீப்பாயிலும் ஆவி தங்கியிருக்கும் என்பதால் அதன் அருகே வெல்டிங் வேலை ஆகாது.

நச்சுத் தொழிற்கழிவைத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே எடுத்துச் செல்லலாம். அந்த விதி அலுவலகச் சடங்கன்று. ஜொகூர் நீரிணைக்கு அப்பால், பாசிர் கூடாங்கில் ஓடும் கிம் கிம் ஆற்றில் 2019 மார்ச் மாதம் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, 111 பள்ளிகள் மூடப்பட்டன. கழிவு வாயிலைத் தாண்டியதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அது சேருமிடம் சேர்ந்ததற்கான சீட்டு திரும்பி வந்து கோப்பில் ஏறும்வரை கணக்கு திறந்தே இருக்கும்.

எஞ்சியிருப்பது உடற்பரிசோதனை. ஈயம், ஆர்செனிக், பென்சீன் போன்றவற்றோடு வேலை செய்பவருக்கு, மனிதவள அமைச்சு அங்கீகரித்த வேலையிட மருத்துவர் பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதிமுறைகள் கூறுகின்றன. பென்சீன் விளைவிக்கும் இரத்தப் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அதற்குள் ஊழியர் ஒப்பந்தம் முடிந்து தஞ்சாவூருக்கோ சிவகங்கைக்கோ திரும்பியிருப்பார். அங்கே அவரைப் பார்க்கும் மருத்துவருக்குப் பயன்படுமாறு, அவர் கையாண்ட பொருள்களின் பெயர்களையும், கையாண்ட காலத்தையும், பரிசோதனை முடிவுகளின் நகலையும் விமான டிக்கெட்டோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.