வலையில் சிக்கும் பங்குனி ஆமை

2025ஆம் ஆண்டு சனவரியில் சென்னை, திருவள்ளூர், செங்கற்பட்டு மாவட்டக் கரைகளில் 1,000க்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. மூச்சுத் திணறி மடிந்தமைக்கான அடையாளங்கள் அவற்றின் உடல்களிற் காணப்பட்டன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விலக்கப்பட்டிருந்தும், அங்கே புகுந்து மடி இழுக்கும் விசைப்படகுகளையே பெரும் பழி சாரும். ஆயினும் காட்டுப்பள்ளி, பழவேற்காட்டுப் பகுதிச் சிறு படகுகளின் வலைகளுக்குப் பங்கே இல்லையென நாம் கூறிவிட இயலாது.

ஆமை மீனன்று, அதற்குச் செவுள் இல்லை. நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவது. வலையிற் சிக்கிப் போராடுங்கால் உள்ள மூச்சு விரைவில் தீர்ந்துவிடும். கண் அகன்ற திருக்கை வலையை மாலையில் இட்டு விடியலில் எடுப்பது இதனாலேயே ஆபத்தாகிறது. தை முதல் பங்குனி வரை தாய் ஆமைகள் முட்டையிடக் கரை நாடும் பருவம். ஒரு குழியில் ஏறத்தாழ 100 முட்டைகள் இடும்; பிறக்கும் குஞ்சு தாயாகப் பத்தாண்டுக்கு மேலாகும். தாயைக் கொல்வது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும் என்பதை உழவர் அறிவர்.

வலையில் வந்த ஆமை அசைவற்றிருப்பின், இறந்ததென்று எண்ணி உடனே கடலில் எறியலாகாது. அது மயங்கியிருக்கலாம்; அந்நிலையில் நீரில் விழுந்தால் மூழ்கி இறக்கும். வயிறு கீழிருக்கும்படி பலகைமேல் வைத்து, பின்புறத்தை அரையடியேனும் உயர்த்துக. உட்சென்ற நீர் வடியும். நிழலில் வைத்து, மூக்கை மூடாமல் ஈரத்துணி போர்த்துக. சில ஆமைகள் சில மணி நேரத்தில் தெளியும். சிலவற்றுக்கு ஒரு நாள் முழுதும் ஆகும். தெளிந்தபின் எஞ்சினை நிறுத்தி, வலையில்லாத இடத்தில் மெல்ல இறக்கிவிடலாம்.

"வலையை அறுத்தால் எங்கள் இழப்பை யார் தருவார்?" என மீனவர் கேட்பது நியாயமே. பாதுகாக்கப்பட்ட உயிர்களை விடுவிக்க வலையை அறுப்போருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் திட்டத்தை மகாராட்டிர அரசு 2018இல் தொடங்கிற்று. அத்தகைய ஏற்பாடு வேண்டி ஊராட்சிகள் தீர்மானம் நிறைவேற்றி மீன்வளத் துறைக்கு அனுப்பலாம்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை நெடுங்கால வழக்கு. இன்னார், இன்ன நாளில், இன்ன இடத்தில் வலையிடலாம் என்று ஊரே வகுத்துக்கொண்டது. எந்த அலுவலகமும் கற்பித்ததன்று. ஆமைப் பருவத்தில் திருக்கை வலையை இரவு முழுதும் கடலில் விடுவதில்லை என்று அவ்வாறே முறை வகுத்தல் அரிதன்று என நாம் கருதுகிறோம். அதற்கான கூட்டத்தை மார்கழியிலேயே கூட்டுதல் நன்று. வலை இறங்கியபின் கூட்டத்திற்கு எவரும் வாரார்.