சமர்கந்தில் சைவ சாப்பாடு கிடைக்குமா?

கேள்வி: அம்மாவோடு உஸ்பெகிஸ்தான் போகிறோம். இருவரும் சைவம். சமாளிக்க முடியுமா? வேறு எதில் கவனம் தேவை?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஜூலை வெயில் 40 டிகிரியைத் தொடும், அம்மாவுக்கு ஆகாது.

சாப்பாட்டில் புலாவ் விஷயத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். கறித்துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவார்கள். ஆனால் சோறு வெந்ததே ஆட்டுக்கறியோடும் கொழுப்போடும்தான். சூப்பும் பெரும்பாலும் கறி வேகவைத்த தண்ணீர். பூசணிக்காய் வைத்த சம்சா (கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்), தக்காளி வெங்காய சாலட், தயிர், பழங்கள், தந்தூர் அடுப்பில் சுட்ட 'நான்' ரொட்டி, இவற்றை நம்பலாம். அந்த ரொட்டியை அவர்கள் புனிதமாக மதிக்கிறார்கள். கவிழ்த்து வைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள், கையாலேயே பிய்த்துச் சாப்பிடுங்கள். வீட்டுக்கு அழைத்தால் செருப்பை வாசலிலேயே விடுங்கள். தேநீரைப் பாதிக் கிண்ணம் மட்டுமே ஊற்றுவார்கள். அது கஞ்சத்தனமல்ல, மறுபடி மறுபடி ஊற்றி உபசரிக்கும் மரியாதை.

தாஷ்கண்டிலிருந்து சமர்கந்துக்கு அஃப்ராசியாப் அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுங்கள்.

முக்கியமான ஒன்று: அம்மாவின் மாத்திரைகளைப் பாருங்கள். கோடீன், டிரமடால் போன்றவை அங்கே கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. அவை அவசியமென்றால், மருத்துவரின் சீட்டோடு, உஸ்பெகிஸ்தான் தூதரகத்திலும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சமர்கந்தின் ஷாஹி ஜிந்தா கல்லறை வளாகத்தில் தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள். அங்கே இன்றும் மக்கள் பிரார்த்தனைக்கு வருகிறார்கள்.