ஃபைபர் பாடி காரில் பழைய பெயிண்டை எடுக்க: சில பயனுள்ள குறிப்புகள்

1982-இல் பெங்களூரிலிருந்து வந்த சிபானி டால்ஃபினுக்கும் 1998-இல் வந்த சான் ஸ்டார்முக்கும் பாடி தகரம் அல்ல, ஃபைபர். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை அடிப்படையாக வைத்துச் செய்த டால்ஃபின், எடை குறைவாக இருந்ததால் சோழவரம் பந்தயங்களில் பெயர் எடுத்த வண்டி. பாடி துருப்பிடிக்காது என்பதால் இப்படிப்பட்ட கார்களை இன்னும் சிலர் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். புதிதாகப் பெயிண்ட் அடிக்க நினைக்கும்போதுதான் ஆபத்து வருகிறது. தகர பாடிக்குச் செய்கிற வேலையை அப்படியே ஃபைபருக்கும் செய்துவிடுகிறார்கள். தகரம் நெளிந்தால் டிங்கர் தட்டி நிமிர்த்திவிடுவார். ஃபைபரின் மேல்தோல் போனால் போனதுதான். கீழே உள்ள குறிப்புகள் பஸ், வேன்களின் ஃபைபர் முகப்புக்கும் மீன்பிடி ஃபைபர் படகுக்கும்கூடப் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் அது ஃபைபர்தானா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாது என்பது மட்டும் போதாது. பேனலின் உள்பக்கத்தைத் தடவினால் சொரசொரப்பாகவும், கண்ணாடி இழை குறுக்கும் நெடுக்குமாகப் படிந்தும் இருந்தால் ஃபைபர். இன்றைய கார்களின் பம்பர் இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்கும். அது பிளாஸ்டிக், அதற்கான பிரைமரும் முறையும் வேறு.

2. பழைய பெயிண்டை முழுவதும் எடுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். நிறம் மங்கியிருக்கிறது, ஆனால் பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்றால், 320 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு மேலேயே அடிக்கலாம். பிடிமானம் தெரிய எளிய வழி உண்டு. பிளேடால் பெயிண்ட் ஆழத்துக்கு மட்டும் பெருக்கல் குறிபோல இரண்டு கீறல் போடுங்கள். அதன்மேல் நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு சில்லு சில்லாகப் பெயிண்ட் வந்தால் எடுத்தே ஆக வேண்டும். வெடித்துப் பாளம் விட்டிருந்தாலும், பல முறை அடித்துக் கனத்துப் போயிருந்தாலும் அப்படித்தான். கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட் மொத்தமே 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் கனம்தான். மூன்று, நான்கு முறை மேலே மேலே அடித்த வண்டியில் அது அரை மில்லிமீட்டரை நெருங்கிவிடும். அவ்வளவு கனத்துக்கு மேல் அடிக்கும் புதுப் பெயிண்ட் நிலைக்காது.

3. அடியில் இருப்பது என்ன பெயிண்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரைத் தொட்டு, கண்ணுக்குப் படாத மூலையில் பத்து விநாடி தேயுங்கள். துணியில் நிறம் தாராளமாக இறங்கினால் அது பழைய என்.சி. பெயிண்ட், ஒர்க்‌ஷாப்பில் டுக்கோ என்பார்களே, அது. இறங்காவிட்டால் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே வகை என்று எடுத்துக்கொள்ளலாம். டுக்கோவின்மேல் நேராக டூ-கே அடித்தால் அதிலுள்ள தின்னர் அடிப்பெயிண்டைச் சுருட்டிவிடும். ஆகவே டுக்கோ வண்டி என்றால் எடுப்பதே நல்லது.

4. உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் வண்டியைக் கழுவுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். ஒரு துணியில் ஈரமாகத் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். வருடக்கணக்கில் போட்ட பாலிஷில் சிலிகான் இருக்கும். கழுவாமல் தேய்த்தால் அது ஃபைபருக்குள் இறங்கிவிடும். பிறகு புதுப் பெயிண்டில் மீன் கண் மாதிரி குழி குழியாக விழும்.

5. விளக்கு, கைப்பிடி, வைப்பர், ரப்பர் பீடிங், எழுத்துகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், ஓட்டையைச் சுற்றி ஃபைபர் வெடிக்கும். கழற்ற முடியாததற்கு மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று.

6. உங்கள் உடம்பைக் காப்பதை வேலைக்கு நடுவில் யோசிக்காதீர்கள். பெயிண்டைத் தாண்டி ஃபைபரைத் தேய்த்தால் கண்ணாடித் தூசி கிளம்பும். தோலில் குத்தி அரிக்கும், கண்ணை உறுத்தும், மூச்சில் போய் நெஞ்சைக் கெடுக்கும். பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயிண்டுகளில் ஈயமும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. கைக்குட்டையைக் கட்டிக்கொள்வதால் பயனில்லை. தூசிக்கு என்-95 மாஸ்க்காவது வேண்டும். தின்னர் ஆவிக்கு அது போதாது, கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் கையை அலசுங்கள். தேய்க்காமல் அலசினால்தான் இழைத்துணுக்கு தோலுக்குள் ஏறாது. அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள். குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலையே வேண்டாம்.

7. ஹீட் கன் வேண்டவே வேண்டாம். வழக்கமாகப் பயன்படும் பாலியஸ்டர் ரெசின் 60, 70 டிகிரி வெப்பத்திலேயே இளக ஆரம்பிக்கும். ஹீட் கன் வாயில் வருவது 300 டிகிரிக்கும் மேல். பெயிண்ட் கொப்பளிக்கும்போதே அடியில் உள்ள அடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும்.

8. மணல் பீய்ச்சியடிக்கும் சாண்ட் பிளாஸ்டிங்கும் இதற்கு ஆகாது. இரும்புச் சேஸிஸுக்கு அது நல்ல முறைதான். ஃபைபரில் அடித்தால் மேல்தோல் முழுக்க ஊசித்துளை விழுந்து, அடைத்து மாளாது. சோடா பிளாஸ்டிங் கொஞ்சம் மென்மையானது. ஆனால் கை பழகியவர், குறைந்த அழுத்தத்தில் செய்ய வேண்டும். சோடாத்தூள் மிச்சம் இருந்தால் பிரைமர் பிடிக்காது, அதைக் கழுவி எடுப்பதே தனி வேலை. கிரைண்டரில் கரடான டிஸ்க் மாட்டித் தேய்ப்பதும் அதே நாசம்தான்.

9. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண பெயிண்ட் ரிமூவரை ஃபைபரில் தடவாதீர்கள். அந்த ரிமூவர்களில் பலவற்றின் சரக்கு மெத்திலீன் குளோரைடு. பெயிண்டைக் கரைக்கிற அதே வேகத்தில் ரெசினையும் ஊறவைத்துவிடும். ஊறிய ரெசின் அந்த ரசாயனத்தை உள்ளே வைத்துக்கொண்டு, புதுப் பெயிண்ட் அடித்த பிறகு மெல்ல வெளியே விடும். அப்போது கொப்புளம் கிளம்பும். மெத்திலீன் குளோரைடின் ஆவி உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் அது கலந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019-இல் தடை செய்துவிட்டார்கள். ஃபைபருக்கென்றே தயாரித்த ரிமூவர்களும் உண்டு, படகுத் தொழிலில் பயன்படுத்துகிறார்கள். அது கிடைத்தாலும் முதலில் உள்ளங்கை அகலத்துக்குத் தடவிப் பாருங்கள். டப்பாவில் போட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். வெடிப்பு, ஓட்டை, பேனல் இணைப்பு உள்ள இடங்களை டேப்பால் மூடிவிட்டே தடவ வேண்டும்.

10. என்னைக் கேட்டால் இதற்குச் சிறந்த கருவி பிளேடுதான். ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள, முதுகு கனத்த ஸ்கிராப்பர் பிளேடை வாங்குங்கள். அதன் இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து மழுக்கிவிடுங்கள். மழுக்காவிட்டால் முனை ஃபைபரில் கோடு போடும். பேனலோடு ஏறக்குறைய படுக்கைவாட்டில் பிளேடைச் சாய்த்து, குட்டிக் குட்டித் தள்ளலாகத் தள்ளுங்கள். சாய்வு சரியாக இருந்தால் பெயிண்ட் சுருளாக எழுந்து வரும், பல இடங்களில் பிரைமரோடு சேர்ந்தே வரும். பொடியாக உதிர்ந்தால் கூர் மங்கிவிட்டது என்று பொருள், பிளேடை மாற்றுங்கள். ஒரு பானட்டுக்கு ஏழெட்டு பிளேடு செலவானாலும் தப்பில்லை. தூசி கிடையாது, சூடு கிடையாது, ரசாயனம் கிடையாது. அமெரிக்காவில் பழைய கார்வெட் கார்களைப் புதுப்பிக்கிறவர்களும் பிளேடையே நம்புகிறார்கள். வளைவிலும் குழிவிலும் மட்டும் இது எடுபடாது.

11. அந்த வளைவுகளுக்கும் மிச்சத்துக்கும் உப்புத்தாள். 120 நம்பரில் தொடங்கி 180, 220 என்று போங்கள். கனத்த பெயிண்டின் மேல்பகுதியை மட்டும் 80-ஆல் எடுக்கலாம், ஃபைபர் நெருங்கியதும் அதைக் கீழே வைத்துவிட வேண்டும். தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். சமதளத்துக்கு மரக்கட்டை, வளைவுக்கு ரப்பர் கட்டை. மிஷின் என்றால் சுற்றிக்கொண்டே அசையும் ஆர்பிட்டல் சாண்டர், அடியில் மெத்தைத் தகடு வைத்து. ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.

12. எங்கே நிறுத்துவது? இந்த வேலையில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஃபைபரின் மேல் ஜெல்கோட் என்று ஒரு தோல் இருக்கும், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதில் இழை கிடையாது, வெறும் நிறமூட்டிய ரெசின். தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அதுதான். தேய்க்கும்போது நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும்: மேல் பெயிண்ட், பழைய பெயிண்ட், பிரைமர், கடைசியாக ஒரே சீராக, பால் தெளிந்தாற்போல ஜெல்கோட். அதைக் கண்டதும் கையை எடுங்கள். பிரைமர் அங்கங்கே திட்டாக, ஆனால் கெட்டியாக நின்றால் அதை விட்டுவிடுங்கள். கடைசித் துளிவரை எடுத்தே தீர்வேன் என்று தேய்ப்பவர்தான் ஜெல்கோட்டைத் தாண்டுவார். அச்சில் அழுத்திச் செய்த பாடிகளில் ஜெல்கோட்டே கிடையாது, கார்வெட் அப்படி. அவற்றில் பிரைமருக்கு அடுத்து இழைதான், இன்னும் நிதானம் வேண்டும்.

13. விளிம்புகளிலும் பேனலின் மடிப்புக் கோடுகளிலும் ஜெல்கோட் எப்போதும் மெல்லியது. முதலிலேயே அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்தை முடியுங்கள். கடைசியில் டேப்பை எடுத்து, 220-ஐ மடித்துக் கையால் இரண்டு இழுப்பு.

14. இழை வெளியே தெரிந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. வாட்டர் பேப்பர் வேலையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். இழை வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு உள்ளே தங்கும், வெயிலில் ஆவியாகிப் பெயிண்டைத் தூக்கும். நனைந்துவிட்டால் காற்றோட்டமான நிழலில் நாலைந்து நாள் காயவிட்டுப் பிறகு மூடுங்கள்.

15. சிலந்தி வலைபோல மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அதன்மேல் பட்டி பார்த்து மறைக்காதீர்கள். ஆறு மாதத்தில் அதே கோடு மேலே வரும். வெடிப்பை ‘வி’ வடிவில் திறந்து, ரெசின் நிரப்ப வேண்டும். அமுக்கினால் அந்த இடம் நெகிழ்கிறது என்றால், உள்பக்கம் கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் வைத்துப் பலப்படுத்திய பிறகே வெளியே வேலை. பட்டி ஈரம் உறிஞ்சும் சரக்கு, ஆகவே இழைமேல் நேராகப் பட்டி கூடாது.

16. ரெசின் கடையில் மூன்று டப்பா தருவார்கள்: ரெசின், கோபால்ட் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட். ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைக்கூடப் பயன்படுத்த வேண்டாம். ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, பூசும் நேரத்தில் மட்டும் கேட்டலிஸ்ட் சேருங்கள். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் கேட்டலிஸ்ட். நம் ஊர் வெயிலுக்கு 1 கிராமை ஒட்டியே போதும். ஆக்சிலரேட்டர் முன்பே கலந்த ரெசினும் விற்கிறது, கேட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் அந்த மூடியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் அலசிக்கொண்டே டாக்டரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள்.

17. முதல் பிரைமர் எபாக்சி பிரைமராக இருக்கட்டும். ஊசித்துளையையும் இழையையும் மூடி, ஈரத்தை நிறுத்தும். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் உலோகத்துக்கு உரியது, ஃபைபரில் அதற்கு வேலையில்லை. பிரைமருக்கு முன் பாடியை உலர்ந்த துணியால் பரபரவென்று துடைத்தால் மின்னேற்றம் ஏறி, காற்றில் உள்ள தூசியை எல்லாம் இழுக்கும். மெழுகு நீக்கும் திரவம் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள்.

18. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தை முதல் பங்குனிவரை வசதி. வண்டியை உரித்த நிலையில் வாரக்கணக்கில் வாசலில் நிறுத்தாமல், உரித்த பேனலுக்கு அன்றைக்கோ மறுநாளோ பிரைமர் அடித்துவிடுங்கள்.

19. நிறத்தை மாற்றுவதானால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

20. உரிப்பதை வீட்டில் செய்யலாம், டூ-கே பெயிண்ட் அடிப்பதை ஸ்பிரே பூத் உள்ளவரிடம் விடுங்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும், ஒருமுறை வந்தவருக்குப் பிறகு அந்தப் பெயிண்டின் வாடை பட்டாலே மூச்சு திணறும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடிதான் அதற்குச் சரியான காவல். ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெயிண்ட் விலையை மட்டும் கேட்காதீர்கள், அடிக்கிற தம்பி முகத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தேய்க்கிற பையன்கள் வெறும் முகத்தோடு நின்றால், நீங்களே நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்து, போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.