பழைய பாய்மரப் படகு: 20,000 யூரோவோட கணக்கு முடியுமா?

ஜெர்மனியில் ஐடி வேலை பார்க்கிற நண்பர் கேட்டார்: "அமெரிக்காவுல 1986-ல கட்டின பாய்மரப் படகு 20,000 யூரோவுக்கு வருது. சேமிப்பு இருக்கு, வாங்கலாமா?"

முதல்ல வரி. ஜெர்மனியில் இறக்குமதி வாட் 19%. படகு விலைக்கு மட்டும் இல்லைங்க, கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துப் போடுவாங்க. கொண்டுவர 8,000 ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. 28,000-க்கு வாட் மட்டும் 5,320 யூரோ. சுங்க வரி வந்தா அதுவும் அந்த மதிப்புல சேரும்.

"18 மாசம் வரி கட்டாம வெச்சுக்கலாமாமே?" அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருக்கிறவங்களுக்கு. அங்கேயே சம்பளம் வாங்குற இவருக்குக் கிடையாது.

பெரிய சிக்கல் சி.இ. முத்திரை. 2.5 முதல் 24 மீட்டர் வரையான உல்லாசப் படகுகளுக்கு 1998 ஜூன் 16 முதல் இது கட்டாயம். "என் படகு அதுக்கு முன்னாடியே கட்டினதாச்சே"ன்னார். இங்கதான் நிறைய பேர் ஏமாந்துடுறாங்க. கட்டின வருஷம் போதாது. அந்தத் தேதிக்கு முன்னாடியே படகு ஐரோப்பியச் சந்தைக்கு வந்திருக்கணும், அதுக்குப் பழைய பதிவுச் சான்று மாதிரி ஆதாரமும் வேணும். இப்போதான் முதல் தடவையா உள்ளே வருதுன்னா, 40 வருஷப் படகா இருந்தாலும் புதுசுக்கு உள்ள விதிதான்.

அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனம் படகின் நிலைத்தன்மை, மின் இணைப்பு, எஞ்சின் புகை வரைக்கும் பார்த்துச் சான்று தரணும். செலவு வாங்குறவர் தலையில். எஞ்சின் தேறலைன்னா அது தனிச் செலவு.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அந்த ஆய்வுக்கு எழுத்துல கொட்டேஷன் வாங்கச் சொல்லியிருக்கேன். கூடவே, ஐரோப்பாவுலேயே வாட் கட்டின ரசீதோட விற்பனைக்கு இருக்கிற படகு ரெண்டு மூணையும் பார்க்கச் சொன்னேன்.