திருநாவலூரார் வழக்கு

நீதிமன்றத்தின் படியை மிதியாதிருத்தலே நற்குடிக்கு அழகு எனக் கருதுவோர் நம்முள் இன்றும் பலர் உளர். ஆயினும் முறையிடுதல் இழிவன்று. முறையிட்டார் சொல்லைச் செவிமடுத்து ஆராய்தல் அரசின் முதற்கடன். இவ்வுண்மையைச் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்து ஒரு வழக்குக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2019-ஆம் ஆண்டு தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்த ஊர் திருநாவலூர். சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாய் அங்குப் பிறந்தவர் நம்பியாரூரர் என்னும் சுந்தரர். அவர்தம் திருமணப் பந்தரிற் புகுந்த முதிய அந்தணர் ஒருவர், மணமகன் தமக்கு வழியடிமை என்று கூறி ஓர் ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு முதியவரது ஊராகிய திருவெண்ணெய்நல்லூர் அவையை அடைந்தது.

அவ்வவையோர் செய்தவை கருதத்தக்கன. அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் இல்லையென்று அவர் வியந்தனர். எனினும் முறையிட்டவரைத் துரத்தினாரல்லர். பிரதிவாதியின் விடையை வினவினர். பின்னர், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்று காட்டுமாறு வாதியைப் பணித்தனர். கிழிந்தது படியோலையே, மூலவோலை தம்பால் உளது என்றார் முதியவர். அதற்கு ஊறு நேராது காப்பதாக அவையோர் உறுதி கூறிய பின்னரே அது வெளிவந்தது. கரணத்தான் அதனைப் படித்தான். சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையுடன் கையெழுத்தும் ஒப்பு நோக்கப்பட்டது. தீர்ப்பு முதியவர் பக்கமாயிற்று. அவர் இறைவனே என்று அறிந்தபின் அவையோர் தீர்ப்பளித்தாரல்லர். தீர்ப்பளித்த பின்னரே அவரை அறிந்தனர். இறைவனும் சான்று காட்டியே வெல்ல வேண்டியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இஃது உரிமை வழக்கேயன்றிக் குற்ற வழக்கன்று. எனினும் இதன் நெறி இக்காலக் குற்றவியல் நடுவர்க்கும் பொருந்தும். 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி முறையீடு எழுத்தாலன்றி வாய்மொழியாலும் அமையலாம். ஆகவே எழுத்தறியாதானுக்கும் வாயில் அடைபடவில்லை. 223-ஆம் பிரிவின்படி நடுவர் முறையிட்டோரையும் வந்துள்ள சாட்சிகளையும் ஆணையிட்டு வினவி, அவர் சொல்லை எழுத்திற் பதிவு செய்தல் வேண்டும். குற்றஞ் சாட்டப்பட்டவரைக் கேளாமல் அக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்றலும் ஆகாது. போதிய காரணம் இல்லையெனக் கண்டால் முறையீட்டைத் தள்ளலாம். ஆனால், தள்ளியதன் காரணத்தைச் சுருக்கமாகவேனும் எழுதுதல் கடமை. காவல் நிலையத்தார் தகவலைப் பதிவு செய்ய மறுப்பின், காவற் கண்காணிப்பாளர்க்கு எழுதலாம். அதனாலும் பயனில்லையெனின் நடுவரை அணுகலாம்.

ஒன்றில் மட்டும் இக்காலம் அக்காலத்தின் வேறாயிற்று. அவையோர் ஓலை மெய்யோ பொய்யோ என்று கண்டு அமைந்தனர். இன்றைய நடுவரோ, மெய்யான ஓலையாயினும் அது சட்டத்திற்கு ஒத்ததோ என்று வினவுதற்கு உரியர். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய உடன்படிக்கைகள் அனைத்தையும் செல்லாதனவாக்கியது. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமையையும் கடன் கொடுத்தவன்மேலேயே வைத்தது. ஆகவே, மனிதன் ஒருவனைத் தன் அடிமையென்று ஓலையோடு வருவோன் இன்று வாதியாகான், குற்றவாளியாவான்.

எனினும், முறையிடுவார் இல்லாத இடத்துச் சட்டம் ஏட்டளவில் நிற்கும். நம் இரட்சகர் கூறிய உவமையில் அநீதியுள்ள நியாயாதிபதியினிடம் ஒரு விதவை ஓயாது சென்று நீதி பெற்றாள். அவளுக்கிருந்த மனத்திண்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அஞ்சி நிற்கும் எளியவன் ஒருவனோடு அப்படிமட்டும் உடன் செல்லுதலும், அவன் சொல்வதைப் பிழையின்றி எழுதித் தருதலும் கற்ற நமக்கு அரிய செயல்களல்ல. கல்வியின் பயன்களுள் அதுவும் ஒன்றாகுக.