தர்வானிடம் உள்ள சாவிக்கொத்து

லேக் மார்க்கெட் பக்கம் ஃபிளாட்டில் குடியிருப்பவர்களுக்குத் தர்வானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைமாடி, மீட்டர் அறை, தண்ணீர்ப் பம்ப் எல்லாச் சாவியும் அவரிடம்தான். நமக்கு மாடிக்குப் போக வேண்டுமானால் சாவியைக் கையில் தரமாட்டார். நாம் யாரென்று பார்த்து, தாமே வந்து திறந்துவிட்டுப் போவார். கணிப்பொறியிலும் இப்படித் தர்வான்கள் உண்டு.

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் சகல உரிமையும் உள்ளவருக்கு ‘ரூட்’ என்று பெயர். மற்றவர்கள் சாதாரணப் பயனாளர்கள். தத்தம் கோப்புகளோடு சரி. ஆனால் அவர்களுக்கும் சில சமயம் ரூட்டின் வேலை நடந்தாக வேண்டும். அதற்காக ஒருசில புரோகிராம்களுக்கு மட்டும், யார் இயக்கினாலும் ரூட்டின் உரிமையோடு ஓடும்படி ஒரு விசேஷ முத்திரை குத்தியிருக்கிறார்கள். இந்தத் தர்வான் ஏமாந்தால், சாதாரணப் பயனாளர் ரூட் ஆகிவிடுவார்.

2022 ஜனவரி 25 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அப்படியொரு செய்தியை வெளியிட்டது. ‘பிகே-எக்ஸெக்’ என்ற தர்வானிடம் ஓட்டை. அதுவும் 2009 மே மாதத்திலிருந்தே! உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் எதுவும் தப்பவில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனை ஒட்டி எழுந்ததுதான்.

ஓட்டை எங்கே? ஒரு புரோகிராமை இயக்கும்போது ஒரு சொற்பட்டியலும் கூடப் போகிறது. முதற்சொல் புரோகிராமின் பெயர். அடுத்தது அது செய்ய வேண்டிய வேலை. பெயர் எப்படியும் இருக்கும் என்று நம்பி, பிகே-எக்ஸெக் நேரே இரண்டாவது சொல்லுக்குப் போய்விடும். பட்டியலையே காலியாக அனுப்பினால்? பட்டியலின் எல்லையைத் தாண்டி, நினைவகத்தில் அடுத்தாற்போல் இருக்கும் சூழல் மாறிகளில் கைவைக்கிறது. படிப்பதோடு நில்லாமல், அங்கே எழுதியும் விடுகிறது. ஆபத்தானது என்று வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட மாறி ஒன்று இப்படிப் பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு நுழைந்தவர் தம் சொந்த நிரலை ரூட்டாக ஓட்டலாம். கடவுச்சொல்லே வேண்டாம். செய்தி வெளிவந்த சில மணி நேரத்திலேயே இதைச் செய்து காட்டும் நிரல்கள் பலர் கைக்கு வந்துவிட்டன.

“முதலில் உள்ளே ஒரு கணக்கு இருக்க வேண்டுமே, நம் ஆபீசில் யார் அந்நியர்?” என்று நானும்தான் இருந்தேன். நான் பார்த்துவந்த சிறிய அலுவலகக் கணிப்பொறியில், சம்பளக் கணக்கு முடியட்டும் என்று அப்டேட்டைத் தள்ளிப்போட்டேன். பயிற்சிக்கு வந்து எப்போதோ போய்விட்ட ஒரு பையனின் கணக்கு அப்படியே கிடந்தது. கடவுச்சொல்லும் அவன் பெயரேதான். ஒருநாள் இரவு யாரோ அதன் வழியாக நுழைந்திருந்தார்கள். ரூட் வரை போனார்களா? பதிவேட்டில் ஒன்றுமில்லை. ஆனால் தடயம் இல்லாமலும் இதைச் செய்யலாம் என்று குவாலிஸே சொல்லியிருந்ததே! அப்டேட் போட்டால் ஓட்டை அடைபடும், உள்ளே புகுந்தவன் வெளியேற மாட்டான். எல்லாவற்றையும் அழித்து, பழைய பிரதியிலிருந்து மறுபடி ஏற்றினோம். சம்பளம் மூன்று நாள் தாமதம். அன்று கடைநிலை ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன? ‘போல்கிட்’ என்ற தொகுப்பை அப்டேட் செய்தால் போதும். கர்னல் மாறுவதில்லை, ஆகையால் கணிப்பொறியை அணைத்துத் தொடங்க வேண்டாம். (2016-இல் வெளிவந்த ‘டர்ட்டி கவ்’ ஓட்டை கர்னலிலேயே இருந்தது. அப்டேட் போட்டும் மறுதொடக்கம் செய்யாதவர்கள் பலன் பெறவில்லை.) உடனே முடியாவிட்டால், ரூட்டாக நுழைந்து பிகே-எக்ஸெக் கோப்பின் அனுமதி எண்ணை 4755-இலிருந்து 0755 ஆக்கிவிடுங்கள். முத்திரை போய்விடும். சில மென்பொருள்கள் அதுவரை முரண்டு பிடிக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

அப்படியே பயனாளர் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். வேலையை விட்டுப் போனவர்கள் இருந்தால் கணக்கை அன்றே மூடுங்கள்.

வீட்டில் விண்டோஸ்தான் என்பவர்களுக்கும் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில்தான் உட்காருகிறோம். அங்கே தர்வானை ஏமாற்ற வேண்டிய அவசியமே பெரிதாக இல்லை. சாவிக்கொத்து மேசைமேல் கிடக்கிறது. செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குப் போய், பிள்ளைகளுக்கு ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ என்று தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். பத்து நிமிட வேலை. முதல் வாரம் விளையாட்டு ஏற்ற வேண்டும் என்று உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான்.